தாய்ப்பால் குழந்தை பால்புட்டியை மறுத்தால்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தை பால்புட்டியை ஏற்காதபோது, வீட்டில் முதலில் செய்யப்படுவது இன்னொரு புட்டியை வாங்கி வருவதுதான். மதுரை டவுன்ஹால் ரோட்டு மருந்துக்கடையில் ஒன்று, மாசி வீதியில் ஒன்று, பார்க்க வந்த உறவினர் கொண்டுவந்தது ஒன்று என்று அடுக்களை மேடையில் புட்டிகள் சேர்ந்துகொண்டே போகும். குழந்தை மட்டும் குடிக்காது. கோளாறு புட்டியில்தான் இருக்கிறது என்று சோதித்துப் பார்க்காமலே முடிவுகட்டுவதால் வரும் வீண்செலவு இது. பால், காம்பு, கொடுக்கும் ஆள், கொடுக்கும் நேரம், குழந்தையை வைத்திருக்கும் நிலை ஆகியவற்றுள் எதில் கோளாறு என்பதைக் குழந்தை காட்டும் அறிகுறியே பெரும்பாலும் சொல்லிவிடும். நிறைமாதத்தில் பிறந்து, எடை ஒழுங்காக ஏறிவரும் குழந்தைகளை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது. குறைமாதக் குழந்தைக்கும், எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும், அண்ணப் பிளவு உள்ள குழந்தைக்கும் குழந்தை மருத்துவர் சொல்லும் முறையே முறை.

முதலில், புட்டி தேவைதானா?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும், அதன்பின் இணை உணவோடு 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே இங்கே புட்டி என்று சொல்வது, தாய் உடனில்லாத நேரத்தில் பீய்ச்சி எடுத்து வைத்த தாய்ப்பாலைக் கொடுப்பதற்கான ஏற்பாட்டைத்தானே ஒழிய, தாய்ப்பாலுக்கு மாற்றை அல்ல.

தேவையைக் கணக்கிட, வேலைக்குத் திரும்பும் நாளில் குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்கும் என்று பார்த்தால் போதும். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பைக் கொண்டுவந்தது. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவருக்குப் பிரசவத்துக்குப் பின் 18 வாரம்தான் மிஞ்சும் என்பதால், குழந்தைக்கு நான்கு மாதம் முடிந்தவுடன் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். தமிழ்நாடு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 முதல் 12 மாத விடுப்பு இருப்பதால், அவர்கள் திரும்பும்போது குழந்தை டம்ளரிலேயே குடிக்கப் பழகியிருக்கும். புட்டியை வீட்டுக்குள் கொண்டுவராமலே இருந்துவிடலாம். ஜவுளிக்கடையிலும் சிறிய தனியார் பள்ளியிலும் வேலைபார்த்து, சட்டம் என்ன சொன்னாலும் இரண்டு மூன்று மாதத்திலேயே திரும்ப நேரும் பெண்களுக்குத்தான் இந்தக் கேள்வி உண்மையில் நெருக்கடியாகிறது.

எப்போதாவது ஒரு கல்யாணத்துக்கோ பேங்க் வேலைக்கோ இரண்டு மணி நேரம் வெளியே போய்வரும் தாய்க்குப் பாலாடையே போதும். நீட்டிய மூக்குடைய அந்தச் சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் கிருமி ஒளிந்துகொள்ள இடுக்கு கிடையாது. கழுவிக் கொதிக்க வைப்பதும் எளிது. உரை மருந்து புகட்டுவதற்காக வாங்கிய சங்கு பல வீடுகளில் இருக்கும். அதையும் இதற்குப் பயன்படுத்தலாம். (6 மாதத்துக்கு முன் உரை மருந்து வேண்டாம் என்பது தனியாக விளக்க வேண்டிய செய்தி.)

புட்டி தேவை என்றே முடிவானால், தாய்ப்பால் சுரப்பும் குழந்தை மார்பைப் பற்றும் விதமும் நிலைபெறுவதற்கான முதல் 4 முதல் 6 வாரத்தைக் கடந்தபின் தொடங்குவது நல்லது. வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே, நாளுக்கு ஒரு வேளை, 15 முதல் 30 மில்லி என்ற அளவில் பழக்கத் தொடங்கினால், கடைசி நாளின் பதற்றத்தைத் தவிர்க்கலாம்.

வாங்கும்போது

1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பால்புட்டிகளையும் தாய்ப்பாலுக்கு மாற்றான பால்பொருள்களையும் இந்தியாவில் விளம்பரம் செய்யக்கூடாது. ஊக்கப் பரிசாகவோ இலவச மாதிரியாகவோ தாய்மாருக்குக் கொடுக்கவும் கூடாது. புட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கட்டளை. முத்திரை இல்லாததைத் திருவிழாக் கடையில் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் பிஸ்பீனால் ஏ என்னும் வேதிப்பொருள் இருப்பதால், ஐரோப்பிய ஒன்றியம் அதில் செய்த பால்புட்டிகளை 2011இல் தடைசெய்தது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரோப்பிலீன் என்னும் வேறு பிளாஸ்டிக். அன்றாடப் புழக்கத்துக்கு அது போதுமானது. கண்ணாடிப் புட்டி கீறல் விழாமலும் வாடை பிடிக்காமலும் இருக்கும், ஆனால் கனம் அதிகம். எவர்சில்வர் புட்டி உடையாது என்றாலும், எவ்வளவு பால் இறங்கியது என்பது வெளியில் தெரியாது. புதிதாகப் பழக்கும் காலத்தில் இது பெரிய குறை.

125 மில்லி அளவுள்ள சிறிய புட்டி ஒன்றும், மிக மெதுவாக ஒழுகும் காம்பு ஒன்றும் போதும். காம்பின் அடிப்பகுதி அகன்று, நுனியை நோக்கிச் சரிவாகக் குறுகிவருவது நல்லது. அப்போதுதான் மார்பைப் பற்றுவதுபோல் குழந்தை வாயை அகலத் திறக்கும். அடி தட்டையாக இருந்து, நுனி மட்டும் குச்சிபோல் நீண்டிருக்கும் காம்பில் குழந்தை உதட்டைக் குவித்துக்கொண்டு நுனியை மட்டும் சப்பும். 'தாயின் மார்பைப் போன்றதே' என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எதற்கும் முன் விலக்க வேண்டியவை

குழந்தை மார்பையும் சேர்த்து மறுத்தாலும், 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலும், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலும், பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தாலும், அது புட்டிப் பிரச்சினை அல்ல. அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சுத் திணறினாலோ 108ஐ அழைக்க வேண்டும். நாக்கில் தேய்த்தாலும் போகாத வெண்படலமும் மூக்கடைப்பும்கூட உறிஞ்சுவதைத் தடுக்கும். அவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாலாடைச் சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. புட்டியில் மறுத்த அதே பாலில் இரண்டு மூன்று கரண்டி எடுத்துப் பாலாடையில் ஊற்றி, குழந்தையை நிமிர்த்தி உட்கார்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பாருங்கள். பாலாடையில் குடித்தால் பாலில் குறை இல்லை. காம்பிலோ கொடுக்கும் முறையிலோதான் கோளாறு. பாலாடையிலும் முகம் சுளித்துத் துப்பினால், பாலின் சுவையையோ சூட்டையோ சந்தேகிக்க வேண்டும். வாய்க்கு அருகில் கொண்டுபோகும்போதே அழுதால், பசி இல்லாமல் இருக்கலாம், அல்லது பசி முற்றிப்போயிருக்கலாம். இந்தச் சோதனைக்குச் செலவு எதுவும் கிடையாது. வீண்செலவு பலவற்றைத் தடுக்கும்.

அறிகுறி: காம்பு உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது

பாலாடையில் குடித்து, புட்டியைக் கண்டால் மட்டும் அழும் குழந்தையிடம் முதலில் ஆளை மாற்றிப் பார்க்க வேண்டும். தாயின் மடியில், தாயின் வாடையை முகர்ந்துகொண்டிருக்கும் குழந்தையிடம் சிலிக்கான் காம்பை நீட்டினால் அது மறுப்பதில் வியப்பில்லை. அம்மாச்சியோ அப்பத்தாவோ தகப்பனோ கொடுக்கட்டும். அந்த நேரத்தில் தாய் அடுத்த அறையில் இருப்பதைவிட, வீட்டிலேயே இல்லாமல் இருப்பது மேல். இதற்கு நேர்மாறாகத் தாய் கொடுத்தால் மட்டும் குடிக்கும் குழந்தைகளும் உண்டு. அவர்களிடம் தாயே தொடங்கி, சில நாள் கழித்து ஆளை மாற்றலாம்.

அடுத்தது நேரம். "பசிச்சா தானா குடிக்கும்" என்று பெரியவர்கள் சொல்வது புதிதாகப் பழக்கும்போது பலிப்பதில்லை, ஏனெனில் பசித்து அழும் குழந்தைக்குப் புதிய ஒன்றைக் கற்றுக்கொள்ளும் பொறுமை இருக்காது. கடைசியாகக் குடித்து ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆனபின், கையைச் சூப்பத் தொடங்கும்போதோ, தூக்கம் கலைந்தும் கலையாமலும் இருக்கும்போதோ கொடுத்துப் பாருங்கள்.

மார்பில் அணைத்துப் பால் கொடுக்கும் அதே நிலையில் புட்டியைக் கொடுத்தால், குழந்தை மார்பைத் தேடி ஏமாந்து அழும். மடியில் வெளிப்பக்கம் பார்த்து உட்கார்த்தியோ, திண்ணையில் மெல்ல நடந்துகொண்டோ கொடுத்தால், அந்தக் கவனம் சிதறும். ஆனால் தூளியில் கிடத்திப் புட்டியைத் துணியில் சாய்த்து வைத்துவிட்டுப் போகும் பழக்கம் கூடவே கூடாது. படுத்த நிலையில் பால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நடுக்காதில் தொற்று வரவும் அது வழிசெய்யும்.

கொடுக்கும் விதத்தையும் கூர்ந்து பார்க்க வேண்டும். காம்பை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, நுனியில் ஒரு சொட்டுத் தாய்ப்பாலைத் தடவி, குழந்தையின் மேலுதட்டின் நடுவில் மெல்லத் தொட்டு அப்படியே நிறுத்துங்கள். குழந்தை முதலில் நாக்கால் துழாவும். பிறகு வாயைத் திறக்கும். அகலத் திறந்து தானாக உள்ளே வாங்கும்போதுதான் காம்பு நாக்கின் மேல் போய் அமர வேண்டும். கன்னத்தை அழுத்தித் திணித்தால், அன்றைய மறுப்பு மறுநாளும் தொடரும். காம்பில் தேன் தடவும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்: ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால், அதில் இருக்கக்கூடிய கிருமி விதைகள் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கக்கூடும்.

ஒரு முயற்சிக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் அழவிடாமல், மீதியைப் பாலாடையில் கொடுத்துப் பசியாற்றிவிட்டு, மறுநாள் தொடருங்கள். ஒரே நாளில் ஆளையும் காம்பையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினால், எது பலித்தது என்பது தெரியாமல் போய்விடும். ஒன்றை மாற்றி இரண்டு மூன்று நாள் பாருங்கள். காம்பின் வடிவத்தை மாற்றுவது இந்த வரிசையில் கடைசியாக வர வேண்டும். இவ்வளவும் செய்து, இரண்டு வாரத்துக்குப் பின்னும் புட்டியை ஏற்கவில்லை என்றால், அந்தக் குழந்தைக்குப் பாலாடை என்றே தீர்மானித்துவிடலாம்; ஐந்து மாதம் கடந்த குழந்தை என்றால் சிறிய டம்ளர். அதில் இழப்பு ஒன்றும் இல்லை.

அறிகுறி: காம்பைக் கடித்து விளையாடுகிறது, உறிஞ்சுவதில்லை

மூன்று நான்கு மாதக் குழந்தை கையில் அகப்பட்டதை எல்லாம் வாயில் வைக்கும் பருவத்தில் இருக்கிறது. புட்டி இல்லாமல் சுத்தமான காம்பை மட்டும் சில நாள் விளையாடக் கொடுத்தால், அந்தப் பொருள் பழகிவிடும். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். காம்பை உள்ளே விட்டதும் ஓங்கரித்தால், நுனி நீளம் அதிகம் என்று பொருள், குட்டையானதை வாங்குங்கள்.

அறிகுறி: திணறுகிறது, இருமுகிறது, கடைவாயில் வழிகிறது

பால் வரும் வேகம் குழந்தையின் விழுங்கும் வேகத்தை மிஞ்சுகிறது. புட்டியைத் தலைகீழாகப் பிடித்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். கம்பியாக ஒழுகினால் அந்தக் காம்பு வேண்டாம். காம்பின் மேல் அச்சிட்டுள்ள எண்ணும் வயதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், '3 மாதத்துக்கு மேல்' என்று போட்டிருப்பதற்காகக் குழந்தையை வேகமான காம்புக்கு மாற்ற வேண்டியதில்லை. ஓட்டையை ஊசியால் பெரிதாக்குவது பல வீடுகளில் நடக்கிறது. இந்த அறிகுறிக்கு அதைவிடப் பெரிய காரணம் இல்லை.

காம்பு சரியாக இருந்தும் திணறினால், புட்டியைப் பிடிக்கும் கோணத்தைத் திருத்த வேண்டும். குழந்தையை நிமிர்த்தி உட்கார்த்தி, புட்டியைத் தரைக்கு இணையாகப் பிடித்தால், காம்பில் பாதி அளவுக்கே பால் நிற்கும். குழந்தை உறிஞ்சினால் வரும், நிறுத்தினால் நிற்கும். சில மிடறுக்கு ஒருமுறை புட்டியைத் தாழ்த்தி மூச்சுவிட இடம் கொடுங்கள். விரல்களை விறைத்து விரிப்பதும், புருவத்தை உயர்த்திக் கண்ணை அகல விழிப்பதும் 'போதும், நிறுத்து' என்பதன் அடையாளம். ஒரு வேளைப் பால் இறங்கப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகலாம். ஐந்து நிமிடத்தில் புட்டி காலியாவது திறமை அல்ல.

அறிகுறி: உறிஞ்சுகிறது, ஆனால் பால் குறையவில்லை

காம்பைக் கவனியுங்கள். அது உள்பக்கமாக ஒட்டிச் சப்பையாகிவிட்டால், புட்டிக்குள் காற்று நுழையவில்லை என்று அறியலாம். வளையத்தைக் கால் திருகு தளர்த்தினாலே குமிழிகள் மேலே ஏறும், காம்பும் விரியும். காற்றுத்துளை உள்ள காம்பு என்றால், அந்தத் துளையில் பால் காய்ந்து அடைத்திருக்கும். காம்பு சப்பையாகாமல் பால் மட்டும் வரவில்லை என்றால், நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: குளிர்ந்த தாய்ப்பாலின் கொழுப்பு மஞ்சள் திப்பியாக ஓட்டையில் ஒட்டியிருக்கும். பாலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, குலுக்காமல் மெல்லச் சுழற்றினால் கொழுப்பு கலந்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் கொதித்தும் ஓரிடம் குளிர்ந்தும் இருந்து வாயைச் சுட்டுவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

அறிகுறி: பாலாடையிலும் துப்புகிறது, பாலில் வாடை இருக்கிறது

வாடையில் இரண்டு வகை உண்டு. புளித்த வாடை என்றால் பால் கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள். பீய்ச்சிய பாலை அறை வெப்பத்தில் 4 மணி நேரம் வைக்கலாம் என்ற கணக்கு 25 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான் செல்லும். சித்திரை வைகாசியில், ஓட்டு வீட்டிலும் கான்கிரீட் கூரைக்குக் கீழும் மதுரையின் அறைகளில் வெப்பம் அந்த அளவுக்கு இறங்குவதே இல்லை என்பதால், எடுத்தவுடன் குளிர்பெட்டிக்குள் வைப்பதே பாதுகாப்பு. கதவில் வைக்காமல் உட்புறத்தில் பின்பக்கமாக வைத்தால் 4 நாள் வரை தாங்கும். உறைநிலையில் வைத்து உருக்கியதை 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மீண்டும் உறைய வைக்கக்கூடாது. குழந்தை வாய்வைத்த மீதியை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

சோப்பு வாடையோ உலோக வாடையோ வந்தால், அது கெட்டதன் அடையாளம் அல்ல. பாலில் இயல்பாக உள்ள லைப்பேஸ் என்னும் நொதி கொழுப்பைச் சிதைப்பதால் வருவது அது. குடித்தால் தீங்கில்லை, ஆனால் சில குழந்தைகள் ஏற்காது. ஒருமுறை வந்த வாடையை நீக்க முடியாது. அடுத்த முறை பீய்ச்சியவுடன், பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றும் வரை சூடாக்கி, கொதிக்கவிடாமல் இறக்கி, உடனே குளிரவைத்துச் சேமித்தால் அந்த வாடை வராது. எந்த வகை என்று அறிய, அப்போது பீய்ச்சிய பாலையே கொடுத்துப் பாருங்கள். அதைக் குடித்தால் சேமிப்பில்தான் குறை.

மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ பஸ்ஸில் வந்து வேலைபார்க்கும் தாய், ஐஸ் பொதி வைத்த வெப்பம் புகாத பையில் 24 மணி நேரம் வரை பாலைக் கொண்டுபோகலாம். 2015 முதல் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் அமைக்கப்பட்டிருப்பதால், மாட்டுத்தாவணியில் பஸ் தாமதமாகும் நாளில் மார்பு கட்டிக்கொள்ளும் வேதனைக்கு அது உதவும்.

அறிகுறி: பகலில் கொஞ்சமே குடிக்கிறது, இரவெல்லாம் மார்பில் கிடக்கிறது

தாய் இல்லாத நேரத்தில் ஒப்புக்குக் குடித்துவிட்டு, அவர் வந்தபின் ஈடுசெய்துகொள்வதைப் பல குழந்தைகள் செய்கின்றன. எடையும் சிறுநீரும் ஒழுங்காக இருந்தால், இது தாயைக் களைப்பாக்குமே தவிர குழந்தைக்குக் கேடு செய்வதில்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் 1 முதல் 6 மாதக் குழந்தை நாளுக்குச் சராசரியாக 750 மில்லி அளவில் குடிக்கிறது. எட்டு வேளை என்றால் வேளைக்கு 90 மில்லிக்குச் சற்று மேல். பாக்கெட் பால் குடிக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தை 200 மில்லி குடிக்கிறது என்று ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம் (ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுப்பதே சரியல்ல). வேலைக்குக் கிளம்பும் முன்பும் திரும்பிய உடனேயும் மார்பில் கொடுத்தால், இடைவெளி குறையும்.

அறிகுறி: புட்டி பழகியபின் மார்பை மறுக்கிறது

இதைத்தான் காலம் தாழ்த்தாமல் கவனிக்க வேண்டும். உழைப்பில்லாமல் வேகமாகக் கிடைக்கும் பாலுக்குக் குழந்தை பழகிவிட்டது. மிக மெதுவான காம்புக்குத் திரும்புங்கள். தாய் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் புட்டியை எடுத்து வையுங்கள். மார்பில் வைப்பதற்கு முன் சிறிது பீய்ச்சி, பால் சுரந்து வரத் தொடங்கியபின் கொடுத்தால், குழந்தை காத்திருந்து சலிக்காது. தாய் வெளியே இருக்கும் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சாமல் விட்டால் சுரப்பு குறைந்து மறுப்பு கூடும். வேலையிடத்தில் அதற்கு நேரம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. சில நாளில் திருந்தாவிட்டால், புட்டியை நிறுத்திவிட்டுப் பாலாடைக்கு மாறுவதே என் பரிந்துரை.

அறிகுறி: குடித்தபின் எதுக்களித்து, வயிறு உப்பி அழுகிறது

இடையிலும் முடிவிலும் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்து, இருபது நிமிடம் நிமிர்த்தி வைத்திருங்கள். ஓமத் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். ஒவ்வொரு வேளையும் பீறிட்டு வாந்தி எடுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: புட்டியில் வெள்ளைப் படிவம், காம்பில் பிசுபிசுப்பு

போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புட்டியில் படியும் வெள்ளை, நீரில் உள்ள சுண்ணாம்பு உப்பு. எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் அரைமணி ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். குடிதண்ணீரில் கொதிக்க வைத்தால் மறுபடி எளிதில் படியாது. பிசுபிசுப்பு அப்படிப்பட்டதல்ல, பால் கொழுப்பு தங்கியிருக்கிறது, கிருமியும் தங்கும். வளையம், காம்பு, வால்வு எல்லாவற்றையும் தனித்தனியே கழற்றி, புட்டிக்கென்றே வைத்த பிரஷ்ஷால் சோப்புநீரில் கழுவி, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி போட்டு, தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து குறைந்தது 5 நிமிடம் விடுங்கள். சேலைத் தலைப்பால் துடைக்காமல், சுத்தமான தட்டில் கவிழ்த்துக் காயவையுங்கள். கழுவிய பின்னும் பிசுபிசுக்கும் காம்பையும், இழுத்துப் பார்த்தால் விரிசல் தெரியும் காம்பையும் அன்றே மாற்றிவிட வேண்டும்.